பதிவு மறுப்புக்கு மேல்முறையீடு எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கட்டாய வெளியேற்றங்களை ஆவணப்படுத்தும் சிறிய குழு எங்களுடையது. சங்கப் பதிவைப் புதுப்பிக்க மறுத்து ஒற்றை வரியில் கடிதம் வந்திருக்கிறது: "பொதுநலன் கருதி நிராகரிக்கப்படுகிறது." எந்தச் சட்டப்பிரிவு, என்ன காரணம், ஒன்றும் இல்லை. முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் எங்கள் நாடும் இணைந்திருக்கிறது. அதன் 22ஆம் உறுப்பு, சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்தத் தரும் காரணங்கள் இவைதான்: தேசியப் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் அல்லது ஒழுக்கம், பிறர் உரிமைகள். வெறும் 'பொதுநலன்' அதில் கிடையாது. இந்த வாதம் உள்நாட்டு நீதிமன்றத்தில் எடுபடுமா? 1998இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் காப்பாளர் பிரகடனத்தையும் சேர்க்கலாமா? அது அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாதுதான், துணைக்காவது நிற்குமே.

இன்னொன்று. எங்கள் அறிக்கைக்காக ஓர் உறுப்பினர் மீது குற்றவியல் அவதூறு வழக்கும் போட்டிருக்கிறார்கள். அவதூறுக்குச் சிறை ஒருபோதும் பொருத்தமான தண்டனை அல்ல என்கிறது, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதற்குத் தந்த விளக்கமான 34ஆம் பொதுக் கருத்துரை (2011). அதை மேற்கோள் காட்டிய மனு யாரிடமாவது இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்களேன். அடுத்த விசாரணைக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.