மறு: கிரால் ஸ்பேஸ் என்காப்சுலேஷனுக்கு என்ன சொல் போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

> கிரால் ஸ்பேஸ் – ஊர்வெளி. என்காப்சுலேஷன் – உறையிடல். அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

கொஞ்சம் பொறுங்க ஐயா :) ஊர்வெளின்னு போட்டா ஊருக்கு வெளியே இருக்கிற பொட்டல்னுதான் எடுத்துப்பாங்க. அக்கா சொன்ன தவழ்வெளி நல்லாருக்கு, வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு அடி உயரம், தவழ்ந்துதான் போகணும், சொன்னதும் புரிஞ்சிடுது. அடித்தளம் வேண்டாம், பேஸ்மெண்ட்டோட குழம்பும்.

எனக்கு இடிக்கிறது உறையிடல்தான். இந்தக் கலைச்சொல் பட்டியலை நாம வீடு வாங்குறவங்க விக்கிறவங்களுக்குன்னுதானே பண்றோம், இங்க நார்த் கரோலைனாவுல ராலே, கேரி பக்கம் விற்பனை விளம்பரத்துல இந்த வார்த்தை எப்படி வருதுன்னு பாருங்க. மண்ணு மேல 6 மில் (ஒரு மில்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு விட்டவரும் என்காப்சுலேட்டட்னு போடுறாரு, 12 மில் 20 மில் ஷீட் வாங்கி, சேர்ப்பு எல்லாம் டேப் ஒட்டி, சுவர் மேல ஏத்தி, தூணைச் சுத்தி ஒட்டி, வெண்ட்டை (சுவர்ல காத்து போக விட்ட துவாரம்) எல்லாம் அடைச்சு, டீஹியுமிடிஃபையர் (காத்துல இருந்து ஈரத்தை எடுக்கிற மெஷின்) வச்சு பல ஆயிரம் டாலர் செலவழிச்சவரும் அதையேதான் போடுறாரு. ரெண்டுக்கும் ஒரே சொல்லை நாமளும் குடுத்தா யாருக்கு லாபம்?

ரெண்டும் ஒண்ணு இல்லங்கிறதுக்கு இங்கயே ஆதாரம் இருக்கு. ராலேயில இருக்கிற அட்வான்ஸ்டு எனர்ஜிங்கிற அமைப்பு பிரின்ஸ்வில்ல 12 வீட்டை எடுத்து அளந்து பாத்தாங்க (1999 ஃபிளாய்டு புயல்ல மூழ்கின ஊர்). வெண்ட் தொறந்திருந்த வீடுகள்லயும் மண்ணு மேல ஷீட் போட்டுத்தான் இருந்துச்சு, ஆனாலும் கோடையில கீழ ஈரம் குறையல. அடைச்ச வீடுகள்ல ஈரம் குறைஞ்சதோட ஹீட்டிங் கூலிங் செலவும் சராசரியா 15 சதவீதம் இறங்குச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், ஜூலை மாசத்துல வெளிக்காத்துலதான் ஈரம் ஜாஸ்தி, அது வெண்ட் வழியா உள்ள வந்து குளிர்ந்து கிடக்கிற ஏசி காத்துக்குழாய் மேல பட்டா வேர்த்துக் கொட்டும், ஷீட்டு மண்ணுல இருந்து வர்றதைத் தடுக்குமே தவிர காத்துல வர்றதை என்ன பண்ணும்?

> இதனால வீட்டு விலை எவ்ளோ ஏறும்னு விளக்கத்துல ஒரு வரி சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனா ஏறும்னு எழுதாதீங்க தம்பி. வீட்டுக்கு மதிப்பு போடுற அப்ரைசர், அக்கம்பக்கத்துல வித்த வீடுகளோட ஒப்பிட்டுத்தான் போடுறாரு, 10,000 டாலர் கீழ போட்டா 10,000 மேல ஏத்திக் குடுக்கிற ஆள் இல்ல. இது வேலைக்கு ஆகிறது வேற எடத்துல. ஆஃபர் ஒத்துக்கிட்டப்புறம் டியூ டிலிஜென்ஸ் காலம்னு ஒண்ணு இருக்கே (வாங்குறவரு ஒரு ஃபீஸ் கட்டிட்டு வீட்டைச் சோதிச்சுப் பாக்கிற, வேண்டாம்னா விலகிக்கிற காலம்), அப்போ இன்ஸ்பெக்டர் டார்ச்சும் ஈரமானியும் எடுத்துக்கிட்டு கீழ தவழ்ந்து போவாரு, ஜாயிஸ்ட்ல (தரையைத் தாங்குற மரச்சட்டம்) குத்திப் பாத்தா ஈரம் 20 சதவீதத்துக்கு மேல காட்டுது, வெப்பக்காப்புக்கு வச்ச ஃபைபர்கிளாஸ் நனைஞ்சு தொங்குது, மரத்துல வெள்ளையா பூஞ்சை, எல்லாத்தையும் படம் எடுத்து ரிப்போர்ட்ல போட்டுடுவாரு. அதைப் பாத்த வாங்குறவரு ஒண்ணு விலையில பெருசா குறைக்கச் சொல்வாரு, இல்ல கட்டின ஃபீஸ் போனாப் போகுதுன்னு கிளம்பிடுவாரு. கிளம்பிட்டா அடுத்து வர்றவருக்கும் அந்த விஷயத்தை மறைக்க முடியாது. ஆக விலையைக் கூட்டுற சமாச்சாரம் இல்ல, பேசின விலை கீழ போகாம பாத்துக்கிற சமாச்சாரம். காப்புங்கிற சொல் இதுக்கு அப்படியே உக்காருது பாருங்க.

> வெப்பக்காப்பு மாதிரி ஈரக்காப்பு?

நல்ல சொல்தான், ஆனா வெறும் ஷீட்டையும் ஈரக்காப்புன்னு சொல்லிட முடியுமே. அதனால என் பரிந்துரை:

விரிச்சு மட்டும் விட்டது – தரைத்தாள்.
ஒட்டி, அடைச்சு, மெஷினும் வச்சது – தவழ்வெளி முழுக்காப்பு.

சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்புன்னு சாமிக்கு உடம்பு முழுக்கச் சாத்துறோமே, அந்தக் காப்புதான், யாருக்கும் புதுசு இல்ல. "முழுக்காப்பு போட்ட வீடு"ன்னு பேச்சுலயும் வரும், உறையிடப்பட்ட தவழ்வெளின்னு எவனும் வாயால சொல்லப் போறதில்ல.

ஒருத்தர் தனிமடல்ல கேட்டாரு, சுவர் உச்சியில 3 இஞ்ச் விட்டுத்தானே ஒட்டுறாங்க, அப்புறம் என்ன முழுன்னு. அந்த 3 இஞ்ச் கரையான் பாக்க வர்றவருக்காக, கரையான் கட்டுற மண்குழாய் ஏறுதான்னு அவருக்குத் தெரியணும், அதை மூடிட்டா விக்கும்போது அதுவே வம்பு. முழுங்கிறது ஈரம் வர்ற வழிகளை வச்சுச் சொல்றது. விளக்கத்துல இந்த இடைவெளியையும் சேர்த்துடுறேன், அப்படியே மழைத்தண்ணி வீட்டை விட்டு வெளியே ஓடுற மாதிரி வாட்டம் சரிபண்ணாம ஷீட் ஒட்டினா தண்ணி அடியில தேங்கும்ங்கிறதையும்.

மிச்சம் ரெண்டு. டீஹியுமிடிஃபையருக்கு ஈரவுறிஞ்சி வேண்டாம், அது சிலிக்கா ஜெல்லுக்குப் போகட்டும், இந்த மெஷின் காத்தைக் குளிர வச்சு தண்ணியா இறக்கி குழாய்ல வெளியே விடுது, ஈரநீக்கின்னு போடலாம். வீடு கைமாறினா கூடவே மாறுற வாரண்டிக்கு எனக்குச் சொல் ஒண்ணும் கிடைக்கல, வாங்குறவங்க முதல்ல கேக்க வேண்டிய பேப்பரே அதுதான். யாருக்காவது தோணினா எழுதுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா இந்தப் பதிப்புலயே சேர்த்துடலாம்.