முன்னாடி போற வண்டிக்கு எவ்வளவு இடைவெளி? புதுசா ஓட்டுறவங்களுக்கு எப்படிப் பழக்குறது?

கேள்வி – செங்கைவாசி:
தம்பிக்கு 19 வயசு, எல்எல்ஆர் எடுத்து ஜிஎஸ்டி ரோட்டுல கார் பழகுறான். கியர், கிளட்ச் எல்லாம் சரி. ஆனா முன்னாடி வண்டியை ஒட்டியே போறான். இடைவெளி விட்டா ஆட்டோவோ பைக்கோ புகுந்துடுது. எத்தனை அடின்னு சொல்லிக்கொடுக்கிறது?

நாலாவது கியர்:
அடிக்கணக்கு வேண்டாம். ஓடுற வண்டியில யாராலும் அடியை அளக்க முடியாது. செகண்ட் எண்ணப் பழக்குங்க. முன்னாடி வண்டியோட பின்பக்கம் ஒரு மின்கம்பத்தையோ கிலோமீட்டர் கல்லையோ தாண்டினதும் "ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூணு"ன்னு எண்ணணும். எண்ணி முடிக்கிறதுக்குள்ள நம்ம பம்பர் அங்கே போயிட்டா இடைவெளி பத்தாது. 60 கிமீ வேகத்துல 3 செகண்ட்னா 50 மீட்டர், 80-ல 67 மீட்டர். வேகம் கூடக்கூட தூரம் தானா கூடிடும், அதுதான் இந்த முறையோட பலம்.

ஏன் இவ்வளவுன்னு கேட்பான். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போகவே 1 முதல் 1.5 செகண்ட் ஆகும். 80-ல அதுக்குள்ள 22 முதல் 33 மீட்டர் ஓடியிருக்கும். வண்டி நிக்க ஆகும் தூரம் அதுக்கு மேல. வேகம் இரண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு.

மஞ்சள் கோடு:
டவுனுக்குள்ள 30-ல 2 செகண்ட் போதும், சுமார் 17 மீட்டர். அங்கேயும் 3 கேட்டா பையன் மொத்தத்தையும் விட்டுடுவான். மழையில மட்டும் எங்கேயும் இரட்டிப்பு. ஏபிஎஸ் (பிரேக்குல சக்கரம் இறுகி நின்னுடாம தடுக்கிற அமைப்பு) இருக்கேன்னு குறைக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் கேட்க வைக்கிறதுதான் அதோட முக்கிய வேலை.

ஆட்டோ புகுந்தா பிரேக் வேண்டாம். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்தா இடைவெளி திரும்பிடும். ஒரு வண்டி புகுந்தா நஷ்டம் 2, 3 செகண்ட்தான். 20 வண்டி புகுந்தாலும் ஒரு நிமிஷம். இதைக் கணக்காவே போட்டுக் காட்டுங்க.

செங்கைவாசி:
எண்ணச் சொன்னா ஸ்டியரிங்ல கவனம் போயிடுதே?

நாலாவது கியர்:
முதல்ல அவனைப் பக்கத்து சீட்டுல உட்கார வெச்சு, நீங்க ஓட்டும்போது எண்ணச் சொல்லுங்க. அப்புறம் அவன் ஓட்டட்டும், நீங்க சத்தமா எண்ணுங்க. கை பழகின பிறகு அவனே எண்ணட்டும்.

லாரி, பஸ் பின்னாடி இன்னும் தள்ளி வரணும். அதோட சைடு மிரர் நமக்குத் தெரியலைன்னா அந்த டிரைவருக்கும் நம்மளைத் தெரியாது. கம்பி ஏத்தின லாரி, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இரண்டுக்கும் ராத்திரியில தனி எச்சரிக்கை தேவை. சிக்னல்ல நிக்கும்போது முன்கார் பின்டயர் தரையைத் தொடுற இடம் கண்ணுல படணும். அது பழுதாகி நின்னாலும் ரிவர்ஸ் எடுக்காம ஒதுங்கிப் போயிடலாம்.