‘நீர்’ என்னும் சீன எழுத்துக்கு இரண்டு குறியெண்கள் இருப்பது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சீன மொழி பயில்பவர்களுக்காக ஒரு சொல்லடைவு தொகுத்து வருகிறேன். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த வரிகளில், ‘நீர்’ என்று பொருள்படும் ஷுவெய் எழுத்தைத் தேடினால், அது திரையில் தெளிவாகத் தெரிந்தும் தேடலில் அகப்படவில்லை. நான் தட்டச்சு செய்யும் எழுத்தின் யூனிகோடு எண் (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்ட தனிக் குறியெண்) பதின்மக் கணக்கில் 27700. கோப்பில் இருப்பதோ 12116. இவை இரண்டும் ஒன்றா, வேறா? மேலும், ‘ஆறு’ என்று பொருள்படும் ஹே எழுத்தின் இடப்பக்கம் நீருக்குரிய மூன்று துளிகள் இருக்கின்றன. அதன் எண்ணுக்குள் நீரின் எண்ணும் அடங்கியிருக்குமா? அடைவை ரேடிக்கல் (சீன எழுத்துகளை அகராதியில் வகைப்படுத்த உதவும் அடிப்படை உறுப்பு) வாரியாக வரிசைப்படுத்த விரும்புவதால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
வேறுதான். 1716இல் வெளிவந்த காங்ஷி என்னும் சீன அகராதி, எழுத்துகளை 214 ரேடிக்கல்களின் கீழ் வகைப்படுத்தியது. அந்த 214 தலைப்புக் குறிகளுக்கும் 1999இல் வெளியான யூனிகோடு 3.0 பதிப்பு 12032 முதல் 12245 வரை தனி இடம் கொடுத்தது. நீர் அவற்றுள் 85ஆவது என்பதால் 12116இல் அமைகிறது. அகராதி அடைவில் தலைப்பாக இடுவதற்கும் ரேடிக்கலைப் பற்றியே பேசுவதற்கும் உரியவை அவை. தொடர் உரையில் வரக்கூடாதவை. ஆனால் பல எழுத்துருக்களில் இரண்டு எண்களுக்கும் வடிவம் ஒன்றே. பிடிஎஃப் பொதுவாக வடிவத்தின் எண்ணையே சேமிக்கிறது. அதிலிருந்து யூனிகோடு எண்ணுக்குத் திரும்பிச் செல்லும் அட்டவணையைக் கோப்பை உருவாக்கும் மென்பொருள் எழுதும்போது தவறான எண்ணைத் தேர்ந்துவிட்டால், நீங்கள் கண்டது நேர்கிறது. நூலை எழுதியவர் சரியாகவே தட்டச்சு செய்திருப்பார்.

ஹே எழுத்தின் எண் 27827. அதற்குள் வேறெந்த எண்ணும் அடங்கியில்லை. அதன் ரேடிக்கல் எதுவென்பது சீன எழுத்துகளுக்கான யூனிகோடின் யூனிஹான் தரவுத்தளத்தில் 85.5 என்று தனியே பதிவாகியிருக்கிறது: 85ஆவது ரேடிக்கல், எஞ்சிய கோடுகள் ஐந்து. வரிசைப்படுத்த அதையே பயன்படுத்துங்கள். யூனிகோடில் முதலில் இடம்பெற்ற சீன எழுத்துத் தொகுதியின் 20,902 எழுத்துகளும் ரேடிக்கல் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் எண் வரிசையே போதும் என்று தோன்றலாம்; பின்னர் சேர்க்கப்பட்ட எழுத்துகள் வேறு தொகுதிகளில் இருப்பதால் அது போதாது.

மறுமொழி 2:
திருத்தும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும், இரண்டு குறிகளாகப் பிரித்தும் சேமிக்க முடியும். ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு முறைகளை ஒருமைப்படுத்தும் யூனிகோடு விதிகளுக்கு இயல்பாக்கம் என்று பெயர்; அவற்றுள் ஒன்றான என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காங்ஷி ரேடிக்கல்களை அது தொடாது, ஏனெனில் அவற்றுக்கும் எழுத்துகளுக்கும் உள்ள உறவு முழுச் சமன்மை (இரண்டும் ஒரே எழுத்து என்பது) அன்று, பொருந்துமைச் சமன்மை (நெருங்கியவை, ஆனால் வேறுபாடு உண்டு என்பது) மட்டுமே. பொருந்துமைச் சமன்மையையும் கணக்கில் கொள்ளும் என்எஃப்கேசி இயல்பாக்கம்தான் 12116ஐ 27700 ஆக்கும். ஆனால் அதை உரை முழுவதற்கும் செலுத்தாதீர்கள். ‘மீ²’ என்பது ‘மீ2’ ஆகிவிடும். வட்டத்துக்குள் இருக்கும் எண்களும் வட்டத்தை இழக்கும். 12032 முதல் 12245 வரை உள்ளவற்றை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஷுவெய் இப்போது தேடலில் கிடைக்கிறது. ஆயினும் சீனப் பெருஞ்சுவரின் பெயரில் முதலில் வரும் சாங் எழுத்து மாறாமல் 11987 என்றே நிற்கிறது. என்எஃப்கேசி அதை ஏன் விட்டுவிடுகிறது?

மறுமொழி 3:
11987 காங்ஷி தொகுதியைச் சேர்ந்ததன்று; 11904இல் தொடங்கும் துணைத் தொகுதியைச் சேர்ந்தது. எளிமையாக்கப்பட்ட வடிவங்களும், எழுத்தின் ஓரத்தில் ஒடுங்கி நிற்கும் மாற்று வடிவங்களுமாக 115 குறிகள் அங்கே உள்ளன. அவற்றுள் இரண்டுக்கு மட்டுமே பொருந்துமைச் சமன்மை வரையறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியவற்றை எந்த இயல்பாக்கமும் மாற்றாது. நவீன சீன உரையில் அடிக்கடி வரும் வண்டி, வாயில், குதிரை ஆகியவற்றின் எளிய வடிவங்களும் இங்கே இருப்பதால், என்எஃப்கேசி போதும் என்று நிறுத்திவிடுபவர்களின் தரவில் இந்தப் பிழை நெடுங்காலம் தங்கிவிடுகிறது. யூனிகோடு தன் தரவுக் கோப்புகளோடு ரேடிக்கல்களுக்கு நிகரான எழுத்துகளின் பட்டியல் ஒன்றையும் வெளியிடுகிறது. அதைக் கொண்டு 11987ஐ 38271 ஆக மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மூன்று துளி வடிவமான 11937க்கு அங்கே நிகராகத் தரப்பட்டிருப்பது 27701; 27700 அன்று. துளி வடிவத்தைத் தேடுபவருக்கும் நீர் எழுத்தே கிடைக்க வேண்டுமென்றால், அந்த இணைப்பை உங்கள் அடைவில் நீங்களே சேர்க்க வேண்டும்.