ஜெர்மனியில் பொறியியல்: ஆயத்த ஆண்டு கட்டாயமா?

கேள்வி (குடியாத்தம்): அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ள என் மகள், ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறாள். அங்கே முதலில் ஆயத்தப் படிப்பு படித்தாக வேண்டுமா?

பதில் (காட்பாடி): பொதுவாக ஆம், ஐயா. ஸ்டூடியன்கோலெக் எனப்படும் அந்தப் படிப்பில், பொறியியலுக்குரிய டி (T) பிரிவில் கணிதம், இயற்பியல், ஜெர்மன் ஆகியவற்றை 2 பருவங்கள் பயின்று, இறுதித் தேர்வில் தேற வேண்டும். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியவர்களும், இங்கேயே பொறியியலில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பதில் (ராணிப்பேட்டை): நானும் தமிழ் வழியில் படித்தவன்தான். 'வகைக்கெழு' என்ற கணிதச் சொல்லுக்குப் பக்கத்தில் அதன் ஜெர்மன் சொல்லான 'ஆப்லைட்டுங்' என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி எழுதியே பழகினேன். கணக்கு எனக்குக் கைவந்தது, வினாவின் நீண்ட ஜெர்மன் வாக்கியம்தான் திணறடித்தது. ஸ்டூடியன்கோலெக்கில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்கே ஜெர்மன் தேவைப்படுவதால், மகளை இந்த வாரமே மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. நாளையே விசாரிக்கிறேன்.