ரிமாண்டில் இருப்பவர் மேல் குண்டாஸ்: நாட்களை எங்கிருந்து எண்ணுவது, எதை முதலில் செய்வது?

தென்கரை:
வணக்கம். அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருக்கும் ஒருவர் மேல் மாவட்ட ஆட்சியர் குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்) போட்டிருக்கிறார். ஆணையில் உள்ள தேதி மே 31. சிறையில் அவர் கையில் கொடுத்தது ஜூன் 2. கூடவே ஆணைக்கான ஆவணங்கள் அடங்கிய தடிமனான ஒரு புக்லெட். ஜாமீன் மனு இன்னும் எந்தக் கோர்ட்டிலும் போடவில்லை. வீட்டார் கேட்பது இதுதான்: அரசுக்குக் கெடு ஏதாவது உண்டா? மூன்று மாதத்தில் ஆணை தானாக முடிந்துவிடும் என்கிறார்களே, சரியா? ஹைகோர்ட்டுக்கு இப்போதே போகலாமா, அறிவுரைக் கழகம் (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) விசாரித்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டுமா? சட்ட உதவி மையத்துக்கு இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நாட்குறிப்பு:
கெடு உண்டு, அதுவும் ஒன்றல்ல. குண்டாஸ் என்று சொல்லப்படும் தமிழ்நாடு 14/1982 சட்டத்தில் இரண்டு விதமாக நாள் எண்ண வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட ஆணைக்கு மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். இது ஆணை பிறப்பித்த நாளிலிருந்து எண்ணுவது. உங்கள் கணக்கில் ஜூன் 12. ஒப்புதல் வராவிட்டால் ஆணை அதற்கு மேல் நிற்காது. மற்ற கெடுக்கள் எல்லாம் காவலில் வைத்த நாளிலிருந்து, அதாவது ஜூன் 2 முதல். காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும். 3 வாரத்துக்குள், ஜூன் 23க்குள், அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கழகம் 7 வாரத்துக்குள், ஜூலை 21க்குள், அறிக்கை தர வேண்டும். போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் அரசு ஆணையை ரத்து செய்தே ஆக வேண்டும், அதில் அரசுக்கு விருப்புரிமை கிடையாது. இருக்கிறது என்று சொன்னால் அதிகபட்சம் 12 மாதம்.

ஆனால் வீட்டார் இன்றே செய்ய வேண்டியது முறையீடு, அதாவது ஆணையைத் திரும்பப் பெறக் கேட்டு எழுதும் மனு. அரசியல் சட்டம் 22(5) தரும் உரிமை அது. ஆட்சியருக்கு ஒன்று, உள்துறை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு ஒன்று, அறிவுரைக் கழகத் தலைவருக்கு ஒன்று. அரசு ஒப்புதல் தரும்வரை ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் ஆட்சியருக்கே இருக்கிறது. அவரிடம் முறையிடலாம் என்பதைக் காவலில் இருப்பவருக்குச் சொல்லாமல் விட்டாலே ஆணை கெட்டுப்போகும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்தின் இதே மாதிரி சட்டத்தில் தீர்ப்பளித்தது. சிறைக் கண்காணிப்பாளர் மூலமும் அனுப்புங்கள், வெளியிலிருந்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மூலைத்தெரு வக்கீல்:
ஆட்சியர் போட்ட ஆணை 3 மாதம்தான் செல்லும். 2014-ல் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதை வைத்தே வெளியே எடுக்கலாமே?

நாட்குறிப்பு:
சார், அந்த நிலை மாறிவிட்டது. 2023-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு 2014 தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட்டது. 3 மாதம் என்பது அரசு தன் அதிகாரத்தை ஆட்சியருக்கு ஒப்படைக்கும் காலத்துக்கு வைத்த எல்லை. ஒருவரைக் காவலில் வைக்கும் காலத்துக்கு வைத்தது அல்ல. அறிவுரைக் கழகத்தின் சம்மதம் இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற அரசியல் சட்டம் 22(4)-ஐயும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சு ஓயவில்லை. அந்த 3 மாதத்தை 2 ஆகக் குறைக்க 1978-லேயே 44-ஆவது திருத்தம் வந்தது. அந்தப் பிரிவை இன்றுவரை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இத்தனை ஆண்டுகளாக மனம் பொறுக்காத விஷயம் இது.

புக்லெட் வாசகர்:
ஹைகோர்ட்டில் “இவர் நல்லவர்” என்று வாதாடிப் பயனில்லை. ஆட்சியருக்கு மனநிறைவு (இவரைக் காவலில் வைப்பது அவசியம் என்ற முடிவு) ஏற்பட்டது சரியா என்பதற்குள் நீதிமன்றம் எளிதில் நுழையாது. அந்த மனநிறைவு எந்தத் தாளைப் பார்த்து வந்தது, அந்தத் தாள் காவலில் இருப்பவருக்குக் கிடைத்ததா, அவருக்குப் புரிந்ததா என்றுதான் பார்க்கும். அதனால் புக்லெட்டை முதல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே படியுங்கள்.

முதலில் மொழி. அவருக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்றால் ஆணைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஆவணத்துக்கும் தமிழாக்கம் வேண்டும். 1999-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஆங்கிலத்தில் இருந்த ரிமாண்ட் உத்தரவின் தமிழாக்கத்தைத் தராத ஒரே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. ஆணையில் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்ட ஆவணத்துக்கு இது பொருந்தாது, ஆதாரமாகக் கொண்டதற்குத்தான். அடுத்து, படிக்க முடியாத ஜெராக்ஸ் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயச் சான்றிதழும் கையெழுத்தில் இருக்கும் வாக்குமூலமும்தான் பெரும்பாலும் கறுத்துப்போய் வரும்.

உங்கள் வழக்கில் முக்கியமானது ஜாமீன் பத்தி. ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால், அவர் வெளியே வர உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு ஆட்சியர் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். மனுவே போடாதபோது “இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது” என்ற வரி வரும். எந்த வழக்கு, எந்தக் கோர்ட், என்ன தேதி என்று இருக்கிறதா? அந்த உத்தரவின் நகல் புக்லெட்டில் இருக்கிறதா? அதில் உள்ள சட்டப்பிரிவுகளும் இவர் வழக்கின் பிரிவுகளும் ஒன்றா? 2011-ல் ரேகா வழக்கில், காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகப் போட்ட ஆணை, இந்த விவரங்கள் இல்லாததால்தான் விழுந்தது. சாதாரணச் சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இரண்டு பேருக்குள் நடந்த அடிதடி என்றால் பொது ஒழுங்கு எங்கே கெட்டது என்றும் கேளுங்கள். சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம், பொது ஒழுங்கு அதற்குள் சின்ன வட்டம் என்று 1965-லேயே லோகியா வழக்கில் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

தென்கரை:
மிக்க நன்றி. முறையீடு போட்டபின் எவ்வளவு நாள் பொறுப்பது? கழகத்தின் முன் வக்கீல் வரலாமா?

நாட்குறிப்பு:
வக்கீலாக வர முடியாது, சட்டமே மறுக்கிறது. வக்கீல் அல்லாத நண்பரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1981-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. கழகத்துக்குப் போகும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

காவலை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் ஆட்கொணர்வு மனுவுக்குக் கழகம் முடியும்வரை பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் முறையீடு போய்ச் சேர்ந்த தேதி கையில் இருந்தால் மனுவுக்குக் கூடுதல் பலம். அரசு ஒரு தேதிப் பட்டியல் தாக்கல் செய்யும்: முறையீடு வந்த நாள், ஆட்சியரிடம் குறிப்புரை கேட்ட நாள், அது வந்த நாள், கோப்பு சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், அமைச்சர் என்று நகர்ந்த நாட்கள், நிராகரித்த நாள். அதில் விடுமுறைகளைக் கழித்துவிட்டு, விளக்கம் இல்லாத நாட்களை மட்டும் கூட்டுங்கள். ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று 5 நாள் கோப்பு கிடந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, காவல் ரத்தானது.

புக்லெட் வாசகர்:
ஒன்று விட்டுப்போயிற்று. குண்டாஸ் ரத்தானாலும் “வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால்” என்றுதான் உத்தரவில் இருக்கும். அடிதடி வழக்கின் ரிமாண்ட் அப்படியே நிற்கும். குண்டாஸில் இருப்பதால் குற்றப்பத்திரிகைக்கான கெடு நின்றுவிடாது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள், முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து. அது முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் மறுநாளே கட்டாய ஜாமீன் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வசதி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சிறையிலிருந்தே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், வீட்டார் 15100-க்கு அழைக்கலாம்.