முதல் கஸ்டம் கீபோர்டு: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா?

நள்ளிரவு நிரலன்:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டே இருந்துவிட்டு இப்போதுதான் சொந்தமாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு கட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். நாள் முழுக்கத் தட்டச்சுதான் வேலை, பாதி நிரல், மீதி ஆவணம். நம்பர் பேட் வேண்டவே வேண்டாம், அம்புக்குறி விசைகள் இல்லாமல் முடியாது, அதனால் 65 சதவீத அளவு என்று முடிவு செய்துவிட்டேன். எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள எஃப் வரிசை போனால் பரவாயில்லை.

இதுவரை குறித்து வைத்திருப்பது: ஒரு கடையில் கையிருப்பில் இருக்கும் அலுமினிய 65 கேஸ் (வெளிக்கூடு), அங்கே பிசிபி தீர்ந்துவிட்டதால் வேறு கடையில் ஒரு 65 ஹாட்ஸ்வாப் பிசிபி (சாலிடர் செய்யாமலே சுவிட்சைச் செருகிக் கழற்றக்கூடிய மின்சுற்றுப் பலகை), செர்ரி புரொஃபைலில் (புரொஃபைல் என்பது கீகேப்பின் உயரமும் வடிவமும்) 104 விசை கொண்ட பிபிடி பிளாஸ்டிக் கீகேப் (விசைமூடி) செட், 5 பின் டாக்டைல் சுவிட்ச் (அழுத்தும்போது மேடு தெரியும் வகை) 70. லூப் (உராய்வைக் குறைக்கும் கிரீஸ்) வாங்க வேண்டும் என்று தெரியும், எதை என்று தெரியாது. பிளேட் (சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகடு) கேஸோடு வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்பது அந்தக் கடைப் பக்கத்தில் எங்கும் எழுதவில்லை.

இன்னொன்று, அதிகம் இரவில்தான் வேலை, அடுத்த அறையில் ஆள் தூங்குவார்கள். சத்தம் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அழுத்தும்போது விரலுக்கு அந்த மேடு தெரிய வேண்டும். வாங்குவதற்கு முன் இதில் எது விடுபட்டிருக்கிறது, எது இடிக்கிறது என்று சொல்ல முடியுமா?


பிளேட் பிரியன்:

கேஸுக்கும் பிசிபிக்கும் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் தயவுசெய்து கட்டாதீர்கள். 65 என்பது எத்தனை விசை, எப்படி அடுக்கியிருக்கிறது என்பதற்கான பெயர் மட்டும்தான். திருகு எங்கே விழ வேண்டும், யூஎஸ்பி துளை எந்தப் பக்கம், பிசிபியின் ஓரம் எப்படி வெட்டியிருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் 65இல் பொது அளவு கிடையாது. 60இல் ஓரளவு உண்டு, ஜிஎச்60 என்று ஒரு கூட்டு முயற்சியில் உருவான பிசிபியின் துளைகளையும் யூஎஸ்பி இடத்தையும் பார்த்தே பெரும்பாலான 60 டிரே மவுண்ட் (பிசிபியைக் கேஸின் அடியில் நேராகத் திருகும் வகை) கேஸ்களைச் செய்தார்கள், அதனால் ஒருவர் கேஸில் இன்னொருவர் பிசிபி உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எல்லா அளவுக்கும் அப்படித்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். 65, 75, டிகேஎல் (நம்பர் பேட் மட்டும் இல்லாதது) எதை எடுத்தாலும் கேஸ், பிளேட், பிசிபி மூன்றையும் ஒரே பொருளாக நினைத்து ஒரே கிட்டாக வாங்குவதுதான் முதல் கட்டுமானத்துக்குச் சரி.

கிட் வாங்கும்போது பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும், படங்களை அப்புறம் பார்க்கலாம். பிளேட் இருக்கிறதா, எந்தப் பொருள். யூஎஸ்பி தனி டாட்டர்போர்டில் (சின்னத் துணைப் பலகையில்) இருந்தால் அதுவும் அதை பிசிபியோடு இணைக்கும் சின்னக் கேபிளும் வருகிறதா. கேஸ்கெட் மவுண்ட் (பிளேட்டை மென்மையான பட்டைகள் மேல் தாங்க வைப்பது) என்றால் அந்தப் பட்டைகள் வருகிறதா. இவை இல்லாமல் கேஸ் மட்டும் வந்து சேர்ந்தால் மாதக்கணக்கில் அலமாரியில்தான் இருக்கும்.

உங்கள் பட்டியலில் அடியோடு விடுபட்டது ஸ்டெபிலைசர். ஸ்பேஸ்பார், என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் மாதிரி நீளமான விசையின் ஓரத்தில் அழுத்தினாலும் அது சாயாமல் நேராக இறங்குவதற்கு அடியில் ஒரு கம்பி இருக்கும், அந்தத் தொகுதிதான் இது. வழக்கமான 65க்கு 2யூ (ஒரு எழுத்து விசையின் அகலம் 1யூ) மூன்றும் 6.25யூ ஒன்றும் போதும், ஏனென்றால் அதில் வலது ஷிஃப்ட் சுருங்கி 1.75யூ ஆகிவிடுகிறது, அதற்கு ஸ்டெபிலைசர் இல்லை. 2.25யூ என்டருக்கும் இடது ஷிஃப்டுக்கும் அதே 2யூ ஸ்டெபிலைசர்தான், தனியாகத் தேட வேண்டாம். பிசிபியில் திருகு போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள், பிசிபி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. பிசிபியின் தடிமனையும் பாருங்கள், பெரும்பாலும் 1.6 மிமீ இருக்கும், சிலது 1.2 மிமீ, 1.6க்காகச் செய்த ஸ்டெபிலைசர் 1.2இல் ஆடும்.

இதைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம், ஒரு கீபோர்டு மலிவாக ஒலிப்பதற்கு எனக்குத் தெரிந்தவரை சுவிட்ச் பெரும்பாலும் காரணமில்லை, கலகலக்கும் ஸ்பேஸ்பார்தான் காரணம். அதோடு பிசிபி மவுண்ட் ஸ்டெபிலைசர் பிளேட்டுக்கு அடியில் போய்விடுகிறது, பின்னால் சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லா சுவிட்சையும் பிடுங்கி பிளேட்டைத் தூக்க வேண்டும். அதனால் முதலிலேயே கம்பியைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தால் கையால் மெதுவாக வளைத்து நேராக்குங்கள். கம்பி நுனியில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தாராளமாக, பிளாஸ்டிக் உரசும் இடங்களில் கிரைடாக்ஸ் 205 கிரேடு 0 என்ற லூப் மெல்லிசாக. அப்புறம் மாட்டுங்கள்.


கீகேப் கிளி:

பிளேட் பிரியன் சொன்னதில் 1.75யூ என்று ஒன்று வந்தது, அதை உங்கள் கீகேப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். 104 விசை செட் என்பது முழு அளவு கீபோர்டுக்கானது, அதில் வலது ஷிஃப்ட் 2.75யூ, ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் ஆல்ட், கன்ட்ரோல் எல்லாம் 1.25யூ. 65இல் அந்த இடத்தில் பெரும்பாலும் 1யூ விசைகள் மூன்று. ஆக வெறும் 104 மட்டும் வாங்கினால் வலது கீழ் மூலையில் நாலு விசை மொட்டையாக நிற்கும். 1.75யூ ஷிஃப்டும் 1யூ ஆல்ட், கன்ட்ரோல், எஃப்என்னும் இருக்கும் செட்டாகத் தேடுங்கள், 130க்கு மேல் விசை என்று விற்கும் செட்களில் பெரும்பாலும் இருக்கும், ஆனாலும் படத்தை உங்கள் கிட்டின் படத்தோடு ஒவ்வொரு வரிசையாக ஒப்பிட்டே வாங்க வேண்டும். ஸ்பேஸ்பார் 6.25யூவா 7யூவா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வரிசை உயரம். செர்ரி, ஓஇஎம், எஸ்ஏ புரொஃபைல்களில் ஒவ்வொரு வரிசைக்கும் சாய்வு வேறு. 65இல் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக டெலீட், பேஜ் அப், பேஜ் டவுன் என்று போகும், முழு அளவு கீபோர்டில் அவை வேறு வரிசையில் இருப்பவை. செட்டில் இந்த விசைகள் 65க்கான வரிசையில் தனியாக வரவில்லை என்றால் ஓரம் மட்டும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். எக்ஸ்டிஏ, டிஎஸ்ஏ மாதிரி எல்லா வரிசையும் ஒரே உயரம் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை, எதை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் நாள் முழுக்கத் தட்டுபவருக்குச் செர்ரி புரொஃபைல்தான் விரலுக்கு வாகு என்பேன்.

பிபிடி எடுத்தது நல்ல முடிவு, ஏபிஎஸ் பிளாஸ்டிக் மாதிரி சீக்கிரம் வழவழத்துப் பளபளக்காது.

இன்னும் ஒன்றே ஒன்று. பிசிபியில் சுவிட்சின் எல்இடி பக்கம் மேல் நோக்கி இருக்கிறதா, உங்களை நோக்கிக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள். மேல் நோக்கி இருந்தால் செர்ரி புரொஃபைல் கீகேப்பின் உள்விளிம்பு சில சுவிட்சுகளின் மேல்மூடியில் போய் இடிக்கும், நடு வரிசையில் அது நன்றாகவே தெரியும். கீழ் நோக்கியது என்றால் கவலையில்லை.


மௌன ஸ்பிரிங்:

சத்தம் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது சைலன்ட் டாக்டைல். ஸ்டெம் (கீகேப்பைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதி) கீழே மோதும் இடத்திலும் மேலே திரும்பி வந்து மோதும் இடத்திலும் சின்ன ரப்பர் வைத்திருப்பார்கள், மேடு அப்படியே இருக்கும், இரண்டு மோதலின் சத்தமும் அடங்கிவிடும். நான் சொல்வது போபா யூ4, 62 கிராம், 68 கிராம் என்று இரண்டு ஸ்பிரிங்கில் வரும். மேடு மேலேயே ஆரம்பித்து நல்ல உருண்டையாக இருக்கும். செர்ரி பிரவுன் என்ற டாக்டைல் சுவிட்சோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் அழுத்திலேயே தெரியும், பிரவுனின் மேடு எனக்கு எப்போதுமே போதவில்லை. வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள், யூ4டி என்று ஒன்று இருக்கிறது, அது சைலன்ட் இல்லை, நல்ல கனமான சத்தம் வரும்.

லூப் செய்வதாக இருந்தால் டாக்டைலில் ஸ்டெம்மின் கால்களைத் தொடாதீர்கள். அந்தக் கால்கள்தான் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில் உரசி மேட்டை உண்டாக்குகின்றன, கிரீஸ் பட்டால் மேடு மழுங்கும். ஸ்டெம் ஓடும் பக்கச் சுவர்களிலும் ஸ்பிரிங் முனைகளிலும் மட்டும் தொட்டால் போதும். யூ4ஐ லூப் இல்லாமலேயே நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், அதனால் முதல் தடவை சுவிட்சை விட்டுவிட்டு ஸ்டெபிலைசருக்கு மட்டும் லூப் போடுங்கள், நேரம் அங்கே செலவானால்தான் பலன்.

5 பின், 3 பின் என்பது பெரிய தலைவலி இல்லை. கூடுதலாக இருக்கும் இரண்டும் பிளாஸ்டிக் கால்கள், நேராக நிற்க உதவுபவை. பிசிபி 3 பின் மட்டும் ஏற்றுக்கொண்டால் அந்த இரண்டையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம். ஆனால் பிசிபி எம்எக்ஸ் (செர்ரி நிறுவனத்தின் சுவிட்ச் அமைப்பு) வகைக்கானதா என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள், செர்ரியின் காப்புரிமை முடிந்தபின் வந்த பெரும்பாலான சுவிட்சுகள் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. லோ புரொஃபைல், ஆப்டிகல், காந்த சுவிட்ச் பிசிபிகளில் இவை வேலை செய்யாது. எண்ணிக்கையில் 67 வேண்டுமென்றால் 70 சரியாக வரும் என்று தோன்றும், பின் வளைந்து உடைவதும் உண்டு, 75 ஆவது வாங்குங்கள்.


சாலிடர் சேகரன்:

எல்லாரும் ஹாட்ஸ்வாப்பை ஏற்றுக்கொண்டே பேசுகிறார்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஹாட்ஸ்வாப் பிசிபியில் சாக்கெட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விசை, அதற்கு மேல் பேச்சில்லை. சாலிடர் பிசிபியில் ஒரே பலகையிலேயே பேக்ஸ்பேஸை இரண்டாகப் பிரிக்கலாம், ஐஎஸ்ஓ என்டர் (இரண்டு வரிசை உயரமுள்ளது) போடலாம், கீழ் வரிசையை 7யூ ஸ்பேஸ்பாரோடு மாற்றலாம். சாக்கெட் கழன்று வரும் பயமும் இல்லை. ஒரு சுவிட்சுக்கு இரண்டு காலே சாலிடர் செய்ய வேண்டும், 67 விசைக்கு 134 புள்ளிகள், ஒரு மாலையில் முடிகிற வேலை. 63/37 வெள்ளீய-ஈயச் சாலிடர், முனையின் வெப்பம் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், ஒரு பழைய மின்பலகையில் கொஞ்சம் பழகிவிட்டு ஆரம்பித்தால் யாராலும் முடியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், சாலிடர் செய்த சுவிட்சைக் கழற்றுவது கட்டுவதைவிடக் கடினம், பிசிபியின் செம்புத்தடம் பெயர்ந்து வரும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எந்த சுவிட்ச் பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு ஹாட்ஸ்வாப்தான் நியாயம். ஆனால் அடுத்த கீபோர்டை சாலிடரில் கட்டுங்கள்.


நள்ளிரவு நிரலன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கேஸையும் பிசிபியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கிட்டாகத் தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று கையிருப்பில் இருக்கிறது, பிளேட், டாட்டர்போர்டு, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து, எல்இடி கீழ் நோக்கி, விசைகளை நம் விருப்பப்படி மாற்ற உதவும் கியூஎம்கே ஃபர்ம்வேரும் வியா மென்பொருளும் உண்டு. இன்னொன்று குரூப் பை (முன்பே பணம் கட்டிப் பலர் சேர்ந்து ஆர்டர் செய்வது), இந்த வாரத்தோடு முடிகிறது, பார்க்க மிக அழகாக இருக்கிறது, பித்தளை எடையோடு. மனசு அதன் பக்கம்தான் போகிறது. காத்திருக்கலாமா? அப்புறம் கையில் வந்ததும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?


பிளேட் பிரியன்:

கையிருப்பில் இருப்பதை வாங்குங்கள். குரூப் பை என்றால் ஆர்டர் சேர்ந்தபின்தான் உற்பத்தியே தொடங்கும், சொன்ன தேதி தள்ளிப்போவது சாதாரணம். நான் சேர்ந்த ஒன்றில் கேஸ் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, நடுவில் விற்றவரிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கடையையே மூடியவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தபின், அந்தப் பணம் முடங்கினாலும் தாங்கும் என்ற நிலையில் சேரலாம். பித்தளை எடை கீபோர்டைக் கனமாக்கும், அழகாக்கும், நீங்கள் கேட்ட அமைதிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

கியூஎம்கேயும் வியாவும் இருப்பது 65இல் மிக முக்கியம், எஃப் வரிசை இன்னொரு லேயரில்தான் (எஃப்என் விசையை அழுத்தினால் வரும் அடுக்கு) இருக்கும், அதை உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியது கீபோர்டிலேயே பதிந்துவிடும், எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும்.

சோதனை: எதையும் மாட்டுவதற்கு முன் வெறும் பிசிபியைக் கணினியில் இணையுங்கள், டாட்டர்போர்டு இருந்தால் அதன் கேபிளோடு சேர்த்து. வியாவிலேயே விசைச் சோதனைப் பக்கம் இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொண்டு உலோக ட்வீசரால் ஒவ்வொரு சாக்கெட்டின் இரண்டு உலோக முனைகளையும் ஒரே நேரத்தில் தொடுங்கள், அந்த விசை திரையில் பதிவாக வேண்டும். எல்லாம் பதிவானால் ஸ்டெபிலைசரை மாட்டி, பிளேட்டை வைத்து, மூலைகளில் நாலு சுவிட்சைச் செருகிப் பிளேட் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். செருகும்போது பின் இரண்டும் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள், பின்பக்கத்தில் அந்த சாக்கெட்டை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள், இல்லையென்றால் சாக்கெட் பெயர்ந்துவிடும். பிறகும் ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் சுவிட்சைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பின் உள்ளே போகாமல் மடங்கியிருக்கும், நேராக்கித் திரும்பச் செருகினால் சரியாகிவிடும். கேஸின் திருகுகளை எல்லா விசையும் பதிவாகிறது என்று பார்த்தபின் போட்டால் போதும்.