"மனுசன் வந்து கையெழுத்து வைக்கோணும்": போருக்குப் பிறகு நாங்கள் கண்டவை

போன வருசம் பக்கத்து வீட்டு அக்காவோடு கிளிநொச்சியில் காணி உறுதி (பத்திரம்) எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போயிருந்தேன். அக்காவுக்குத் தாய் எழுதிக் கொடுத்த சீதனக் காணி, அதில் அரை ஏக்கரை விற்று மகளைப் படிப்பிக்க வேண்டும். உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு நொத்தாரிசு கேட்டார், "மனுசன் வந்து கையெழுத்து வைக்கோணுமே, எங்கே அவர்?" 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் அக்காவே கையளித்த மனுசன் (கணவர்), இன்னும் காணவில்லை. அக்கா பேசவில்லை. மடியில் இருந்த பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வடக்குத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கணவன் இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் கொடுக்கலாம், சரி, ஆனால் வழக்குப் போட சட்டத்தரணிக்குக் காசு வேண்டுமே. மரணச் சான்றிதழ் எடுத்தால் சுலபம் என்று அங்கே இருந்த ஒருவர் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா சொன்னது: "அதை எடுத்தால், அவர் செத்துப்போனார் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

வயல் செய்வித்து, வீட்டுத் திட்ட வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தது அவர் தனியாகத்தான். அதற்கெல்லாம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

—

மேலே தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். நான் வடக்கில் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். பாரமான அங்கி, முகத்தை மூடின கவசம், வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்ட வேண்டும். எங்கள் அணியில் பெண்கள்தான் கூட, பலர் என்னைப் போலக் கணவனை இழந்தவர்கள். தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய், "நீ முன்னுக்கு நிக்காதை பிள்ளை" என்றார். கலியாணச் செலவில் பாதி என் சம்பளம். தங்கைதான் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், மாமா அதன்பிறகு கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

—

முதலில் எழுதியவன்தான். தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கோ அக்கா. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கடைசியில் வழக்குப் போட்டுவிட்டார், அடுத்த தவணைக்கு நானும் போகிறேன். இறந்தார் என்று எழுதாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்ததே, அதை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காணி விசயத்தில் உதவியதா?